டீசல் சொந்தங்கள்

இப்படி வந்து உக்காருங்க தம்பி. அங்க உக்காந்தா ஏசி காத்து நேரா மண்டையில எறங்கும். வண்டி விட்டிருக்கீங்களா? எது, அந்த வெள்ளையா? நல்ல வண்டிங்க. வெறும் சர்வீஸ்தானே, சீக்கிரம் முடிச்சுக் குடுத்துருவானுங்க. என்ற வண்டி அதோ கண்ணாடி வழியாத் தெரியுது பாருங்க, மேல தூக்கி நிறுத்தியிருக்கானுங்களே, அந்தச் செவப்பு. பழைய டீசல். இந்த மாடலே இப்ப வர்றதில்லை. முன்னாடி எடது பக்கம் ஒரு சத்தம். ஸ்டியரிங்க வளைக்கறப்ப மட்டும் டிக் டிக்குங்குது. நேத்துப் பொழுதோடதான் மொதல்ல கேட்டேன். இன்னைக்கு இவனுங்க கதவு தொறக்கறதுக்கு முன்னாடி வந்து நிக்கறேன். வண்டி வெசயத்துல வெளையாடக் கூடாதுங்க. சின்னச் சத்தந்தானேன்னு விட்டோம்னா நடுரோட்டுல நிறுத்திப்போடும்.

இருங்க, போனு. அட, வீட்ல இருந்துங்க. பொறவு பேசிக்கலாம், கட் பண்ணிட்டேன். காத்தால இருந்து இதே சோலி அவளுக்கு. சுலோச்சனான்னு பேரு, என்ற வீட்டுக்காரி. ரெண்டு மூணு நாளா நெஞ்சு அடைக்குதுங்கறா. படுத்தா மூச்சு வாங்குதுங்கறா. ஓமத்தண்ணி காச்சி வெச்சுக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கறேன். தலகாணி எச்சா வெச்சுச் சாஞ்சு படுத்துக்கன்னும் சொல்லியிருக்கறேன். எல்லாம் சரியாப் போயிரும்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், சத்தம். சத்தம்னா நம்மகிட்டத்தானுங்க வரணும். சிங்காநல்லூர்ல மோட்டார் காயில் கட்டற கடை நமக்கு. சென்னியப்பன் கடைன்னா யாரும் கை காட்டுவாங்க. மோட்டாரத் தொறக்கவே வேண்டாம், ஓட விட்டுக் காதை வெச்சாப் போதும், பேரிங்கா காயிலான்னு சொல்லிருவேன். அதுல ஆரம்பிச்சதுதாங்க எங்க குரூப்பு. 'டீசல் சொந்தங்கள்'னு பேரு. நான்தான் அட்மினு.

கம்பெனில இந்த வண்டி போடறதையே நிறுத்திட்டானுங்களா, ஸ்பேர் கெடைக்கறது குதிரைக்கொம்பாயிருச்சு. சரி, வெச்சிருக்கறவங்க எல்லாஞ் சேந்து ஒரு வாட்ஸ்ஆப் குரூப்பு போடலாம்னு ஆரம்பிச்சேன். அன்னூர், தாராபுரம், கோபி, உடுமலைப்பேட்டைன்னு ஆளுக சேந்துட்டாங்க. அங்க ஒரு பழக்கம் கொண்டாந்தனுங்க. வண்டில ஏதாவது சத்தம் வந்தா எழுதிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. பானெட்டத் தொற, போன பக்கத்துல புடி, சத்தத்தப் பதிவு பண்ணி அப்படியே அனுப்பு. கீழ 'என்ன சத்தம்னு சொல்லுங்க'ன்னு ஒரு வரி போடு. நாங்க கேட்டுச் சொல்லிருவோம். தாராபுரத்துக்காரரு ஒருத்தரு ரோட்டோரமா நின்னுக்கிட்டு அனுப்புனாரு. கேட்ட ஒடனே சொன்னேன், வாட்டர் பம்ப் பேரிங், வண்டிய எடுக்காதீங்கன்னு. மெக்கானிக் வந்து பாத்தா அச்சா அதேதான். அன்னைல இருந்து குரூப்புல எனக்கு ஸ்டெதாஸ்கோப்புன்னு பேரு.

வெறும் வண்டியே எத்தன நாளைக்குப் பேசறதுங்க? மெல்ல சோத்துப் பேச்சு வந்துச்சு. ஆரு வீட்ல என்ன பலகாரம்னு காத்தால போட்டோ போடுவோம். பொறவு வீட்டுப் பேச்சு, மருமக பேச்சு, ஒடம்புப் பேச்சு. நல்லாத்தான் போச்சு. நான் ஒரு ரூலு வெச்சிருந்தேன். அரசியல் கூடாது, சாமிச் சண்டை கூடாது, ஒருத்தர ஒருத்தர் பயமுறுத்தக் கூடாது. இந்த மத்த குரூப்புல எல்லாம் பாருங்க, வெடிஞ்சா கேன்சருன்னு ஒருத்தன் போடுவான், அடைப்புன்னு ஒருத்தன் போடுவான். காப்பி குடிக்கறவன் டம்ளரக் கீழ வெச்சுருவான். நம்ம குரூப்புல அது கெடையாது.

ஒரு நாளைக்கு உடுமலைக்காரரு மொழங்கால மடக்கி நீட்டி அந்தச் சத்தத்த அனுப்பிவுட்டாரு. என்ன சத்தம்னு சொல்லுங்கன்னு. கடகடன்னு வருது! கிரீஸ் போடுங்கன்னு ஒருத்தன், புஷ்ஷு மாத்துங்கன்னு ஒருத்தன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. அதுல இருந்து அதும் பழக்கமாயிருச்சுங்க. இருமல அனுப்புவாங்க, ஏப்பத்த அனுப்புவாங்க. பேரன் அழுகறத அனுப்பிப் பசியா வயித்து வலியான்னு கேப்பாங்க. நாங்களும் சொல்லுவோம். சும்மா சொல்லக் கூடாது, பாதி சரியாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனா என்னங்க பண்ணுவான்? ரத்தத்த எடு, ஸ்கேன் எடு, அட்மிட் ஆகுங்குவான். விக்கல்னு போனவன ஐசியுல படுக்க வெச்ச கதையெல்லாம் நமக்குத் தெரியுமுங்க.

காப்பி குடிக்கறீங்களா? மெஷின் காப்பிதான். பாயசமாட்ட இருக்குது, வேண்டாம் விடுங்க.

குரூப்புல அன்னூர் கிட்டுச்சாமின்னு ஒருத்தன். பருத்தி விதைக் கடை வெச்சிருக்கறான். கிட்டு கிட்டுன்னு உசுர விட்டுப் பழகுனேன். பேச மாட்டான், அழுத்தமான ஆளு. ஆனா காத்தால மொத போட்டோ அவன் வீட்டுதுதான். அவன் பொண்டாட்டி மனோன்மணி கைப்பக்குவம் அப்படிங்க. சந்தகை புழிஞ்சு தேங்காப்பாலு ஊத்தி வெச்சிருக்கும். ஒரு நாளைக்குக் கம்பு தோசை, ஒரு நாளைக்கு ஓலப்புட்டு, ஒரு நாளைக்கு அரிசிம்பருப்புல நெய்ய ஊத்தி... பாக்கறப்பவே நாக்குல எச்சி ஊறும். நான் போட்டோவப் பெருசு பண்ணி சுலோச்சனாகிட்டக் காட்டுவேன். "அடுத்தவ வீட்டுத் தட்டப் பாத்துக்கிட்டே திங்கறதுக்கு எதுக்கு மாமா நான் இங்க வேகோணும்"பா. பொறாமைங்க. வேற என்ன.

கிட்டு வீட்லதான் போன தை மாசம் எங்க குரூப்பு சந்திப்பு வெச்சோம். நான்தான் சொன்னேன், மண்டபமும் வேண்டாம் கேட்டரிங்கும் வேண்டாம், மனோன்மணி கையால ஒரு நாளைக்குச் சாப்பிடணும், அவ்வளவுதான் ஆசைன்னு. கிட்டு கொஞ்சம் இழுத்தான். அதுக்கு ஒடம்பு அசதியா இருக்குதுன்னான். அட, நாங்க என்ன விருந்துக்கு வர்ற ஒறம்பரையா, நம்ம சொந்தந்தானேன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டான். களத்துல வண்டிகள வரிசையா நிறுத்திப் படம் புடிச்சோம் பாருங்க, அப்படியே ஷோரூமாட்ட இருந்துச்சு. சோறுன்னா சோறு. கோழி, ரசம், கச்சாயம். அத்தன பேரும் எலைய வழிச்சு நக்கிட்டு எந்திரிச்சோம்.

கெளம்பறப்ப சுலோச்சனா என்ற சட்டையப் புடிச்சு இழுக்கறா. "மாமா, அந்த அக்கா கொல்லப்பக்கத்துல செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்குது. கால் ரெண்டும் வீங்கியிருக்குது. மூச்சு எடுக்க முடியல"ங்கறா. அத்தன பேத்துக்கு ஆக்குனா மூச்சு வாங்காம என்னடி பண்ணும்னு கேட்டேன். சரிதானுங்களே? நானே போய் மனோன்மணிகிட்டச் சொல்லிட்டு வந்தேன், "அம்மிணி, இந்தச் சோத்துக்கு உனக்கு ஒரு கோயிலே கட்டலாம்"னு. அது சிரிச்சுது. கையெடுத்துக் கும்பிட்டுச்சு. பேச்சு வரல, வெக்கப்படற புள்ள.

பொறவு கொஞ்ச நாள் கழிச்சு கிட்டுகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் வந்துச்சு. கீழ எழுதியிருந்தான், 'மனோன்மணி மூச்சு. படுத்தா இப்படி வருது. என்ன சத்தம்னு சொல்லுங்க.' அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் மாத்துன்னு ஒருத்தன் போட்டான். சைலன்சர்ல ஓட்டைன்னு ஒருத்தன் போட்டான். தமாசுக்குத்தானுங்க, ஆருக்கும் கெட்ட எண்ணம் கெடையாது. நான் தமாசு பண்ணல. இயர்போன மாட்டிக்கிட்டுத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். கொழகொழன்னு ஒரு சத்தம், நடுவுல ஒரு இழுப்பு. கேஸுன்னு போட்டேன். வயித்துல கேஸ் மேல ஏறி நெஞ்ச அடைக்குது, ஓமமும் இஞ்சியும் காச்சிக் குடு, சாஞ்சு படுக்க வையின்னு வெவரமா எழுதினேன். கிட்டு ஒடனே பதில் போட்டான். 'சரி சென்னி. நீ சொன்னாச் சரி.'

அதுல பாருங்க, கோபிக்காரரு ஒருத்தரு, அவரு மருமக நர்ஸாட்ட இருக்குது. அந்தப் புள்ளகிட்டக் கேக்க வெச்சாராமா. 'நுரையீரல்ல தண்ணி கோத்த மாதிரி இருக்குதாம், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுது'ன்னு போட்டாரு. நான் அந்த மெசேஜ அழிச்சுட்டேன். அட்மினுக்கு அந்தப் பவர் உண்டுங்க. பொம்பளப் புள்ள படுத்திருக்குது, பக்கத்துல புருசன் கையில போன வெச்சுக்கிட்டு இருக்கறான், அவனப் போய் இப்படிப் பயமுறுத்தலாமுங்களா? ரூலுன்னா எல்லாத்துக்கும் ஒரே ரூலுதான். கோபிக்காரரு கோவிச்சுக்கிட்டு அன்னைக்கே குரூப்ப விட்டுப் போயிட்டாரு. போகட்டும்.

அந்த மூச்ச சுலோச்சனாவும் கேட்டா. நான் ஸ்பீக்கர்ல போட்டப்ப அடுப்படியில இருந்து கரண்டியோட வந்து நின்னா. "இன்னொருக்கா போடுங்க மாமா"ன்னா. போட்டேன். "இது கேஸ் இல்லைங்க. எங்கம்மா கடைசில இப்படித்தான் இழுத்துச்சு. கிட்டண்ணனுக்குப் போனப் போட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க"ன்னு ஒரே அழுக. இவளுக்கு எதுக்கெடுத்தாலும் அவங்கம்மா ஞாபகந்தான். அத்தன பேரு நம்பிக் கேக்கறப்ப ஒரு தடவ சொன்னதை நான் மாத்திச் சொல்ல முடியுமுங்களா? என்ற பேரு என்னத்துக்கு ஆகறது?

பொறவு ஒரு நாளைக்குக் காத்தால கிட்டு போட்டோ வரல. எல்லாரும் கேலி பண்ணுனோம். என்ன கிட்டு, இன்னைக்குப் பட்டினியா, சண்டையா, தட்டு எங்கடான்னு. நானும்தான் போட்டேன். காலித் தட்டு படம் ஒண்ணு அனுப்பிவுட்டேன். மத்தியானம் வரைக்கும் அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. பொறவுதான் அன்னூர்க்காரன் ஒருத்தன் போன் பண்ணுனான். வெடியக்காலமே மனோன்மணி போயிருச்சுன்னு.

கெரகமுங்க. பாவம், நல்ல பொம்பள. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல, சத்தியமாச் சொல்றேன். எழவுக்குப் போனேன். கிட்டு வாசல்ல உக்காந்திருந்தான். கையப் புடிச்சேன், புடிக்க விட்டான். போன மட்டும் மடியில வெச்சிருந்தான். டாக்டரு சொன்னாராமா, இருதயத்துல ரொம்ப நாளாவே கோளாறு இருந்திருக்குது, முன்னாடியே கொண்டாந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்னு. இந்தப் பேச்சு டாக்டருங்க எல்லாரும் சொல்றதுதானுங்க. செத்தவங்ககிட்டப் போய்க் கேக்கவா முடியும்?

இது வரைக்குங்கூடச் சரிங்க. மனுசன் பொறந்தா ஒரு நாளைக்குப் போறதுதான். ஆனா கருமாதி முடிஞ்சு மறுநாளு என்ன பண்ணுனான் தெரியுமுங்களா? காத்தால பலகார நேரம், எல்லாரும் போட்டோ போடற நேரம். கிட்டுகிட்ட இருந்து ஒரு வாய்ஸ். சரி, மனசு தேறி வந்துட்டான்னு அமுக்குறேன். அதே மூச்சுங்க. அதே கொழகொழப்பு, அதே இழுப்பு. கீழ, 'என்ன சத்தம்னு சொல்லுங்க.'

மறுநாளும் போட்டான். அதுக்கு மறுநாளும் போட்டான். இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் தவறல. திட்டல, சண்டைக்கு வரல. அது ஒண்ணுதான் கேக்கறான். குரூப்பே செத்துப் போச்சுங்க தம்பி. ஒரு தோசை போட்டோ போட முடியல, கீழ அந்த மூச்சு வந்து நிக்குது. ஆளுக ஒவ்வொருத்தரா வெளிய போறாங்க. ஏழெட்டு வருசமாக் கட்டிக் காத்த குரூப்புங்க. போன் பண்ணிச் சொல்லிப் பாத்தேன், "கிட்டு, போனவள நெனச்சு நீ இப்படிப் பண்ணலாமாடா, எல்லாத்துக்கும் சங்கடமா இருக்குதல்லோ"ன்னு. எடுத்துக் காதுல வெச்சுக் கேட்டுட்டுக் கட் பண்ணிர்றான். நான் பண்ணுனதுல என்னங்க தப்பு? கேட்டான், சொன்னேன். வண்டிக்குச் சொன்ன மாதிரித்தான் சொன்னேன். நீக்கிப் போடலாம்னு ஒரு மனசு, பாவம்னு ஒரு மனசு. நீங்களே சொல்லுங்க, நீங்க அட்மினா இருந்தா என்ன பண்ணுவீங்க?

அந்த வாய்ஸக் கேக்கறீங்களா? இன்னைக்குக் காத்தால வந்தது. இருங்க, அமுக்கறேன்.

பாத்தீங்களா. இவ்வளவுதான். என்னங்க ஒரு மாதிரி ஆயிட்டீங்க? அட, தண்ணி வேணுமுங்களா? நமக்குப் பழகிப் போச்சு.

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. இந்தச் சத்தத்த தெனமும் கேட்டுக் கேட்டு சுலோச்சனாவுக்கும் அதே வந்துருச்சு. மனப்பிராந்தின்னு நான் சொல்றேன். இன்னைக்கு வெடியால எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, "மாமா, எனக்கும் அந்தச் சத்தம் கேக்குதுங்க, உள்ள இருந்து கேக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க"ங்கறா. வண்டில சத்தம் வருதுடி, உன்னய ஏத்திட்டுப் போற வழியில நின்னு போச்சுன்னா என்ன பண்றது, மொதல்ல வண்டியப் பாத்துட்டு வந்தர்றேன், நாளைக்குப் போலாம்னேன். ஆட்டோவுல போறேன்னா. ஆட்டோ குலுக்கும், இந்த ஒடம்போட வேண்டாம்னு சொல்லிட்டேன். அக்கறையில சொல்றதுதானுங்க. சரி, அவ மனசு ஆறட்டுமேன்னு குரூப்புலயும் போட்டேன், 'வீட்டம்மாவுக்கு மூச்சு வாங்குது, என்ன பண்ணலாம்'னு. அத்தன பேரும் பாத்துட்டானுங்க. நீலக் குறி விழுந்துச்சு. பதில் போட்டது கிட்டு ஒருத்தன்தான்.

'கூட்டிட்டுப் போ சென்னி.'

அவ்வளவுதான். குத்திக் காட்டறான். எனக்கே புத்தி சொல்றானாமா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பதிலே போடல.

வீட்ல ஆராவது இருக்கறாங்களா? ஆரும் இல்லீங்க. பையன் ஓசூர்ல. நாங்க ரெண்டு பேருந்தான். ஆனா பக்கத்து வீட்ல சொல்லிட்டு வரலாம்னுதான் நெனச்சேன், அவங்க கதவு சாத்தியிருந்துச்சு.

இதோ, மறுக்காவும் அவதான். எடுத்தர்றேன், எடுக்காட்டி விட மாட்டா.

ம், சொல்லு. இங்க வேல நடந்துக்கிட்டு இருக்குது, வந்தர்றேன். சொல்லு அம்மிணி. அலோ. அலோ, சுலோ? அட, பேசு.

பேச மாட்டேங்கறாளுங்க. சிக்னல் இல்லையாட்ட இருக்குது. இல்லீங்க, லைன்ல இருக்கறா, ஏதோ கேக்குது. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

கேக்குதுங்களா உங்களுக்கு?

இல்லீங்க தம்பி, அந்த வாய்ஸ நான் அமுக்கல. அது இல்லீங்க இது. இது போனு. லைனுங்க இது. இது எங்க வீடு.

சுலோ. சுலோ, நான் வர்றேன். இப்பவே வர்றேன். போன வெச்சுராத சாமி, வெச்சுராத.

ஏம்ப்பா! ஏய், நீலச் சட்டை! அந்தச் செவப்பு வண்டியக் கீழ எறக்கு. சக்கரத்தக் கழட்டிட்டியா? ரெண்டுமா? மாட்டு. மாட்டுடா ஒடனே. சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது, ஓடும், அது நல்லா ஓடும், எறக்குடா.

தம்பி. தம்பி, உங்க வண்டி ரெடிங்களா?